இணையத் தரகரிடம் டீமேட் கணக்கு: ஒப்பமிடும் முன் எதைப் படிப்பது?

குடந்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் அஞ்சல் துறையில் பணியாற்றுகிறேன். என் சேமிப்பு இதுவரை பிபிஎஃப், மகளுக்கான செல்வமகள் திட்டம், ஆர்டி என்று எங்கள் அலுவலகக் கவுன்டரைத் தாண்டிப் போனதில்லை. மாதந்தோறும் ஒரு சிறு தொகையை நல்ல நிறுவனங்களின் பங்குகளில் போட்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றாடம் வாங்கி விற்கும் எண்ணம் அறவே இல்லை.

கைபேசிச் செயலியிலேயே பத்து நிமிடத்தில் கணக்குத் திறந்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு செயலியில் பாதி வரை சென்றேன். ஆதார் ஓடிபி மூலம் ஒப்பமிடும் கட்டத்தில் பல பக்கங்கள் கொண்ட ஆவணம் ஒன்று திறந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒப்பமிட மனம் வராததால் அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்த நிறுவனம் நாளைக்கே மூடப்பட்டால் என் பங்குகள் என்னாகும்? டிடிபிஐ என்று ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறார்களே, கொடுக்கலாமா? அரசு ஊழியர் பங்கு வாங்கத் தடை உண்டா? இவை தவிர, என் தந்தையிடம் தொண்ணூறுகளில் வாங்கிய பங்குச் சான்றிதழ்கள் காகிதமாகவே பீரோவில் இருக்கின்றன. அவற்றையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கணக்கர்_மதுரை எழுதியது:

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கான பதிலைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். செயலி ஒன்றுதான் என்றாலும் நீங்கள் திறப்பவை இரண்டு கணக்குகள். ஒன்று டிரேடிங் கணக்கு. அது தரகரிடம் இருப்பது, வாங்கவும் விற்கவும் ஆணையிடுவதற்கானது. மற்றொன்று பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு. அதற்கான பதிவேடு என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற வைப்பகத்தில் இருக்கிறது, தரகர் அங்கே உங்களைச் சேர்த்துவிடும் பங்கேற்பாளர் மட்டுமே. 1996ஆம் ஆண்டின் வைப்பகச் சட்டத்தின் கீழ் நாட்டில் இயங்கும் வைப்பகங்கள் இந்த இரண்டுதான். உங்கள் பதினாறு இலக்க எண் ‘ஐஎன்’ என்ற எழுத்துகளோடு தொடங்கினால் என்எஸ்டிஎல், முழுவதும் எண்களாகவே இருந்தால் சிடிஎஸ்எல். ஆகவே தரகர் தொழிலை மூடினாலும் பங்குகள் உங்கள் பெயரில் வைப்பகத்திலேயே இருக்கும். வேறொரு பங்கேற்பாளரிடம் கணக்குத் திறந்து அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

இது ஏட்டளவிலான பாதுகாப்பாக இருந்த காலமும் உண்டு. கார்வி தரகு நிறுவனம், வாடிக்கையாளர்களிடம் வாங்கி வைத்திருந்த பொது அதிகாரப் பத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தி, அவர்களுடைய 2,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பங்குகளை அடகு வைத்துத் தனக்குக் கடன் வாங்கியதாகப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி கண்டறிந்து, 2019 நவம்பரில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அடுத்த மாதமே என்எஸ்டிஎல் 80,000க்கும் மேற்பட்டோரின் பங்குகளை அவரவர் கணக்குக்குத் திருப்பியது என்றாலும், மீதமிருந்தவர்கள் நெடுநாள் அலைந்தார்கள். இன்றுள்ள விதிகளில் பெரும்பகுதி அந்த விவகாரத்திற்குப் பிறகு வந்தது. 2020 செப்டம்பரிலிருந்து பங்குகளை ஈடாக வைப்பதென்றால் அவை உங்கள் கணக்கிலேயே இருந்தபடி, உங்கள் ஓடிபியின் பேரில்தான் அடகுக் குறியிடப்படும். 2022 நவம்பரிலிருந்து நீங்கள் விற்கும் பங்குகளும் உங்கள் கணக்கிலேயே முடக்கப்பட்டு, அங்கிருந்து நேரே, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே கணக்குத் தீர்க்கும் தீர்வகத்துக்குச் செல்கின்றன. தரகரின் கைக்குள் பங்கு தங்கும் இடங்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டுவிட்டன.

பணத்தின் நிலை சற்று வேறு. டிரேடிங் கணக்கில் நீங்கள் போட்டு வைக்கும் தொகை தரகர் வழியாகத்தான் செல்கிறது. பயன்படுத்தாத தொகையை மாதத்திற்கு ஒருமுறையோ மூன்று மாதத்திற்கு ஒருமுறையோ உங்கள் வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும் என்பது விதி. படிவத்தில் இந்த இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மாதம் என்பதையே குறியுங்கள். வாங்கும் நாளன்று வேண்டிய அளவு மட்டும் பணம் அனுப்பும் பழக்கம் அதைவிட நல்லது.


பழைய_பங்காளர் எழுதியது:

நான் கோயம்புத்தூர்க்காரன். பங்கு மாற்றுப் படிவத்தில் முத்திரைத்தலை ஒட்டி ஒப்பமிட்ட காலத்திலிருந்து இந்தத் துறையைப் பார்த்து வருகிறேன். எங்கள் ஊர்ச் சந்தையும் போய்விட்டது, 1937இல் தொடங்கிய மதராஸ் பங்குச் சந்தையும் 2015இல் விலகிவிட்டது. எல்லாம் மும்பைக்கும் பெங்களூருக்கும் போயாயிற்று. சகோதரிக்கு என் யோசனை இதுதான்: முகம் தெரியாத செயலியை நம்புவதைவிட, கும்பகோணத்திலேயே ஏதேனும் ஒரு தரகு நிறுவனத்தின் கிளையிலோ, வங்கி நடத்தும் தரகு நிறுவனத்திலோ கணக்குத் திறப்பது மேல். சேமிப்பு, டீமேட், டிரேடிங் மூன்றும் ஒன்றாக இணைந்த கணக்கென்றால் பணம் வங்கியிலேயே வட்டியோடு இருக்கும். சிக்கல் வந்தால் போய் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி இருக்கும். சந்தை பெருமளவில் ஆடும் நாட்களில் செயலிகள் உறைந்து நிற்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை கேட்டுக்கொண்டிருப்பதில் என்ன பயன்?


நீலாங்கரை எழுதியது:

ஐயா சொல்லும் நாற்காலிக்கு என்ன விலை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 50,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி, அன்றே விற்காமல் டீமேட் கணக்கில் டெலிவரி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தத் தரகராக இருந்தாலும் எஸ்டிடி என்னும் பரிவர்த்தனை வரி 0.1 விழுக்காடு, அதாவது 50 ரூபாய். முத்திரைக் கட்டணம் 0.015 விழுக்காடு, அதாவது ஏழரை ரூபாய். சந்தைக் கட்டணம், செபி கட்டணம், அவற்றின் மீதான ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து இரண்டு ரூபாய்க்குள். டெலிவரிக்குத் தரகு வாங்காத நிறுவனத்தில் அறுபது ரூபாயோடு முடிந்துவிடும். அரை விழுக்காடு தரகு வாங்கும் நிறுவனத்தில் இதற்கு மேல் 250 ரூபாயும் அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். விற்கும்போது இந்தத் தரகும் அதன் ஜிஎஸ்டியும் மறுபடியும் அதே அளவு. மாதம் ஐயாயிரம் போடுபவருக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம், ஆனால் சில நிறுவனங்கள் ஓர் ஆணைக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தரகு வைத்திருக்கின்றன. சிறு தொகை போடுபவர்தான் அதில் அதிகம் இழப்பார். கட்டண அட்டவணையில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

தரகே வாங்காத நிறுவனங்களிலும் விற்கும்போது டிபி கட்டணம், அதாவது டீமேட் பங்கேற்பாளருக்கான கட்டணம் உண்டு. ஒரு நிறுவனத்தின் பங்கை ஒரு நாளில் எத்தனை விற்றாலும் ஒரே தொகைதான். பெரும்பாலான இடங்களில் அது பதின்மூன்றிலிருந்து இருபது ரூபாய் வரை இருக்கிறது. இரண்டு பங்கை விற்றாலும் இருநூறு பங்கை விற்றாலும் அதேதான் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக விற்பவருக்குத்தான் இது உறுத்தும்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்று ஒரு வகை இருக்கிறது. 2024 செப்டம்பர் முதல், பங்குகளின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இதற்குக் கட்டணம் இல்லை. 4 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். உங்கள் பெயரில் ஒரே ஒரு டீமேட் கணக்கு இருந்தால்தான் இந்தச் சலுகை. இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்து நான்கு செயலிகளில் கணக்குத் திறந்து வைப்பவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள்.


கணக்கர்_மதுரை எழுதியது:

நீலாங்கரை அவர்களின் கணக்கு சரி. தரகு வாங்காமல் அந்த நிறுவனம் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. எஃப் அண்ட் ஓ எனப்படும், பங்கின் பின்னாளைய விலையை வைத்து நடக்கும் எதிர்கால ஒப்பந்தங்கள், ஆப்ஷன்கள் ஆகியவற்றில் ஒவ்வோர் ஆணைக்கும் வாங்கும் கட்டணமும், பங்கு வாங்கக் கடன் கொடுத்து வாங்கும் வட்டியும்தான் இத்தகைய நிறுவனங்களுக்குச் சோறு போடுகின்றன. எனவே நீண்டகால முதலீட்டாளராக நீங்கள் அவர்களுக்கு வருமானம் தராத வாடிக்கையாளர். உங்களை வருமானம் தருபவராக மாற்றும் முயற்சி கணக்குத் திறக்கும் படிவத்திலேயே தொடங்கிவிடும். பங்கு, எஃப் அண்ட் ஓ, கரன்சி, கமாடிட்டி என்று பிரிவுகள் வரிசையாக இருக்கும். எஃப் அண்ட் ஓ பிரிவைத் தேர்ந்தெடுத்தால்தான் ஆறு மாத வங்கி அறிக்கை, வருமானவரிக் கணக்கு போன்ற வருமானச் சான்று கேட்பார்கள். பங்குப் பிரிவுக்கு மட்டும் வருமானச் சான்று கேட்கும் செயலியைக் கண்டால், ஏதோ ஒரு கட்டத்தில் மற்ற பிரிவுகளிலும் குறி விழுந்திருக்கிறது என்று பொருள்; திரும்பிச் சென்று எடுத்துவிடுங்கள்.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழப்பையே சந்தித்தனர். அவர்களின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இப்போது வேண்டாம், பிறகு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று திறந்து வைப்பவர்களிடமிருந்துதான் என் அலுவலகத்துக்கு ஜூலை மாதத்தில் இழப்புக் கணக்குகள் வருகின்றன. இதே காரணத்தால் எம்டிஎஃப் என்னும் கடன் வசதிக்கான ஒப்புதலையும் கொடுக்க வேண்டாம். சில செயலிகளில் வாங்கும் திரையில் அது முன்கூட்டியே தேர்வாகி நிற்கும். கையிலிருந்த பணத்தில்தான் வாங்கினோம் என்று நினைத்திருப்பீர்கள், வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.


அரசுப்பணி_ஓய்வு எழுதியது:

அம்மையாரின் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன். மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 16ஆம் விதி, அரசு ஊழியர் பங்குகளில் ஊக வணிகம் செய்வதைத் தடுக்கிறது. பதிவு பெற்ற தரகர் மூலம் எப்போதாவது முதலீடு செய்வதற்குத் தடை இல்லை. ஆனால் அடிக்கடி வாங்குவதோ விற்பதோ ஊக வணிகமாகவே கருதப்படும் என்று அந்த விதியின் விளக்கமே கூறுகிறது. எஃப் அண்ட் ஓ, அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பது ஆகியவற்றை நீங்கள் நினைத்தும் பார்க்கக் கூடாது.

தெரிவிக்கும் கடமையும் உண்டு. ஒரு காலண்டர் ஆண்டில் பங்கு, கடன் பத்திரம், மியூச்சுவல் ஃபண்டு முதலியவற்றில் செய்த மொத்தப் பரிவர்த்தனை உங்கள் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால், அடுத்த ஆண்டு ஜனவரி 31க்குள் உரிய படிவத்தில் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் வந்த குறிப்பாணை இது. தனியொரு பரிவர்த்தனை இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் 18ஆம் விதிப்படி ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது வேறு. மாதம் ஐயாயிரம் போடுபவருக்கு இந்த எல்லைகள் எட்டாது என்றாலும், தந்தையின் பங்குகள் உங்கள் பெயருக்கு மாறும் நாளில் இது நினைவில் இருக்கட்டும்.


குடந்தைவாசி எழுதியது:

மிக்க நன்றி. விதி எண்களோடு சொன்னதால் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் பேசுவது எளிதாகிவிட்டது. இதற்கிடையில் ஒரு புதுச் சிக்கல். என் பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்து என் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. ஆதாரில் முதலெழுத்து மட்டும் முன்னால் இருக்கிறது. வங்கியில் முதலெழுத்து பின்னால் இருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று செயலி திருப்பி அனுப்புகிறது. டிடிபிஐ பற்றியும் இன்னும் யாரும் சொல்லவில்லையே.


நீலாங்கரை எழுதியது:

தமிழ்நாட்டில் கணக்குத் திறப்பவர்களில் பாதிப்பேர் இந்த முதலெழுத்தில்தான் இடறுகிறார்கள். குடும்பப் பெயர் எல்லோருக்கும் உண்டு என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட மென்பொருள் அது. நம் பெயர் அதற்கு அரைகுறையாகத் தெரிகிறது. தரகர் உங்கள் விவரத்தைக் கேஆர்ஏ எனப்படும் கேஒய்சி பதிவு முகமைக்கு அனுப்புகிறார். அங்கே வருமானவரித் துறையின் பான் பதிவோடு பெயர் ஒப்பிடப்படுகிறது. எனவே படிவத்தில் பெயரைப் பான் அட்டையில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் கொடுங்கள். பானில் முதலெழுத்தை விரித்தே எழுத வேண்டியிருப்பதால் அதைச் சுருக்க முயல வேண்டாம். ஆதாரைப் பானுக்கு ஏற்பத் திருத்துவதே நடைமுறைக்கு உகந்தது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் கடவுச்சீட்டு, கல்விச் சான்றிதழ் ஆகியவற்றையும் பார்த்து ஒரே வடிவத்தை முடிவுசெய்துகொண்டு மாற்றுங்கள். வங்கிப் பெயரில் முதலெழுத்து இடம் மாறியிருப்பதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபார்க்கும்போது திருப்பினால், பெயருள்ள காசோலைப் படத்தை ஏற்றினால் போதும்.

டிடிபிஐ பற்றி: பழைய பொது அதிகாரப் பத்திரத்துக்குப் பதிலாக 2022இல் செபி கொண்டுவந்தது இது. நீங்கள் விற்ற பங்கைத் தீர்வுக்கு அனுப்புவது, ஈட்டுக்காக அடகுக் குறியிடுவது, சந்தை வழியாகச் செய்யும் மியூச்சுவல் ஃபண்டு பரிவர்த்தனை, ஒரு நிறுவனத்தைக் கையகப்படுத்துபவர் பங்குதாரர்களிடம் வைக்கும் திறந்த சலுகையில் பங்கை ஒப்படைப்பது ஆகிய நான்குக்கு மட்டுமே தரகருக்கு அதிகாரம் தருகிறது. வேறெதற்கும் செல்லாது. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை விற்கும்போதும் சிடிஎஸ்எல் பக்கத்தில் டிபின் என்னும் இரகசிய எண்ணையும் ஓடிபியையும் இட வேண்டும். சந்தை சரியும் நாளில் அந்தப் பக்கம் திறக்காமல் நின்றால் விற்க முடியாமல் தவிப்போம். அதனால் நான் கொடுத்துவிட்டேன்.


கணக்கர்_மதுரை எழுதியது:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சந்தை சரியும் நாளில் அவசரமாக விற்க வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? பத்து ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறேன் என்பவர், விற்கும்போது ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழித்து டிபின் இடுவதால் ஒன்றும் இழக்கப் போவதில்லை. டிடிபிஐ கட்டாயம் அன்று. அதைக் கொடுக்காத காரணத்துக்காகக் கணக்குத் திறக்க மறுக்கவும் கூடாது. அடகுக் குறியிடும் அதிகாரம் அந்த நான்கில் ஒன்றாக இருக்கிறது என்பதை நீலாங்கரை அவர்களே சொல்லியிருக்கிறார். வேண்டும்போது பிற்பாடு கொடுத்துக்கொள்ளலாம். முதல் நாளே கொடுக்க வேண்டியதில்லை.


நீலாங்கரை எழுதியது:

அடகுக்கும் ஓடிபி உறுதி தேவைப்படுகிறதே, ஐயா. ஆபத்து என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் விற்கவே போவதில்லை என்பவருக்கு அவசரமும் இல்லை என்பதை ஏற்கிறேன்.


பழைய_பங்காளர் எழுதியது:

இவ்வளவையும் இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. அதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்றேன்.


கணக்கர்_மதுரை எழுதியது:

பக்கத்து ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் செல்லும்போது காக்க வேண்டிய எல்லைகளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்த பெரிய இழப்புகள் செயலி உறைந்ததால் வந்தவை அல்ல, நன்றாகத் தெரிந்தவரிடம் கைபேசியைக் கொடுத்ததால் வந்தவை. துணைத் தரகர் என்ற வகையைச் செபி நீக்கிவிட்டது. 2019 ஏப்ரலிலிருந்து ஊரில் இருப்பவர்கள் தரகரின் அங்கீகரிக்கப்பட்ட நபர்களாக மட்டுமே இயங்க முடியும். அவர் உங்களிடமிருந்து பணமாகவோ தன் பெயரில் காசோலையாகவோ வாங்கக் கூடாது. டிரேடிங் கணக்குக்கான பணம் உங்கள் பதிவு செய்த வங்கிக் கணக்கிலிருந்துதான் செல்ல வேண்டும். கணவர் கணக்கிலிருந்து அனுப்பினாலும் ஏற்கமாட்டார்கள். படிவத்தில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். வேலை எளிதாக இருக்கட்டும் என்று சிலர் தம் மின்னஞ்சலை இட்டுவிடுவார்கள். அதன்பின் ஒப்பந்தக் குறிப்புகள் எல்லாம் அவருக்கே செல்லும், உங்கள் பெயரில் அவர் என்ன வாங்கினார், என்ன விற்றார் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இணையத்தில் திறப்பவருக்கும் இதே அளவுக்கு எச்சரிக்கை தேவை. வாட்ஸ்அப் குழுவில் வரும் இணைப்பின் வழியாக எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். பிரபலமான நிறுவனங்களின் பெயரிலேயே போலிச் செயலிகள் உலவுகின்றன. தரகரின் பதிவு எண் ‘ஐஎன்இசட்’ என்று தொடங்கும். செபியின் இணையதளத்தில் அதைத் தேடி, அங்கே உள்ள பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற தரகர்களுக்கு ‘வேலிட்’ என்ற சொல் இடம்பெறும் தனி யுபிஐ முகவரி வழங்கப்பட்டிருக்கிறது. தனியார் பெயரிலான யுபிஐக்கோ நடப்புக் கணக்குக்கோ பணம் அனுப்பச் சொல்பவர் எவ்வளவு பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் தரகர் அல்லர்.

கணக்குத் திறந்தபின் இன்னொரு வேலை: சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் இணையதளத்தில் தரகரின் துணையில்லாமல் நேரடியாக உங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பரிவர்த்தனை நடந்த மாதங்களில் வைப்பகமே ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பும். செயலி காட்டும் பட்டியலும் அந்த அறிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது, எந்தத் தரகர் நல்லவர் என்று இங்கே நாம் நூறு பதிவுகள் எழுதுவதைவிடப் பயனுள்ளது.


சிங்கை_செல்வன் எழுதியது:

தொடர்புடைய ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்கள் குடும்பத்தில் எவரேனும் ஊரில் இருந்தபோது திறந்த கணக்கை வைத்துக்கொண்டே வெளிநாடு சென்றிருந்தால், அந்தக் கணக்கை அப்படியே தொடர முடியாது. வெளிநாடு வாழ் இந்தியர் என்ற நிலைக்கு மாறியதும் வங்கிக்கும் தரகருக்கும் தெரிவித்து, வெளிநாடு வாழ்வோருக்கான என்ஆர்ஓ வகைக் கணக்குக்குப் பங்குகளை மாற்ற வேண்டும். எங்களால் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கவும் முடியாது. அது ஒரு வகையில் நன்மையே.


மேற்பார்வையாளர்:

தங்கள் பரிந்துரைக் குறியீட்டைப் பயன்படுத்தும்படி கேட்டு இடப்பட்டிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த இழை எந்த நிறுவனத்துக்கும் ஆள் சேர்க்கும் இடம் அன்று.


குடந்தைவாசி எழுதியது:

ஆதார் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். அது முடிந்ததும் டெலிவரிக்குத் தரகு வாங்காத ஒரு நிறுவனத்தில், பங்குப் பிரிவை மட்டும் தேர்ந்தெடுத்து, டிடிபிஐ இல்லாமல் திறப்பதாக இருக்கிறேன். நாமினியாக மகளின் பெயரைப் போடலாமா? அவளுக்கு ஒன்பது வயது. தந்தையின் சான்றிதழ்கள் பற்றியும் தயவுசெய்து சொல்லுங்கள். அவருக்கு வயது எழுபத்துநான்கு. சான்றிதழ்களில் பெயர் முதலெழுத்தோடுதான் இருக்கிறது.


கணக்கர்_மதுரை எழுதியது:

மகளைப் போடலாம், மைனர் என்பதால் காப்பாளரின் பெயரையும் தரலாம். இப்போதைய விதிப்படி பத்துப் பேர் வரை நியமித்து, யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம். நாமினி என்பவர் சொத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே ஒழிய உரிமையாளர் ஆகிவிடமாட்டார். வாரிசுரிமைச் சட்டமோ உயிலோ சொல்வதுதான் இறுதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.

தந்தையின் பங்குகளை உங்கள் கணக்கில் நேரே சேர்க்க முடியாது. சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரிலான டீமேட் கணக்குக்குத்தான் அவை செல்லும். காகித வடிவப் பங்குகளைப் பிறர் பெயருக்கு மாற்றுவது 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டது. எனவே அவர் பெயரில் ஒரு கணக்குத் தேவை. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் பதிவாளருக்கு எழுதி, ஃபோலியோ என்னும் அந்தப் பங்குக் கணக்கு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாமல் கிடந்தால் பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்பட்டுவிடும். அவற்றை மீட்பதற்கு ஐஇபிஎஃப் 5 என்ற படிவம் இருக்கிறது, மீண்டு வரும் பங்கும் டீமேட் கணக்குக்குத்தான் வரும். பதிவாளரிடம் பான், முகவரி, வங்கி விவரம், நாமினி ஆகியவற்றைப் புதுப்பிக்கும்போது, ஒப்பம் மாறியிருந்தால் வங்கி மேலாளரின் சான்று கேட்பார்கள். முப்பது ஆண்டுகளில் எவருடைய ஒப்பம்தான் மாறாமல் இருக்கும்?


பழைய_பங்காளர் எழுதியது:

தந்தையாரின் கணக்கை மட்டுமாவது நான் சொன்னபடி ஊரில் கிளை உள்ள இடத்தில் திறங்கள், சகோதரி.


நீலாங்கரை எழுதியது:

இதில் ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். இணையத் தரகர்களும் சான்றிதழ்களை ஏற்கிறார்கள், ஆனால் அவர்களின் தலைமை அலுவலகத்துக்குக் கூரியரில் அனுப்பச் சொல்வார்கள். அசல் சான்றிதழ்களை அப்படி அனுப்ப எனக்குத் துணிவு வராது.


குடந்தைவாசி எழுதியது:

அஞ்சல் துறைக்காரியிடம் கூரியர் என்கிறீர்களே! விரைவுத் தபாலிலும்கூட அவற்றை அனுப்ப எனக்கும் மனம் வராது. தந்தையிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அவர் கணக்குக்கு என் கைபேசி எண்ணைக் கொடுக்கலாமா?


கணக்கர்_மதுரை எழுதியது:

கொடுக்கலாம். கணவன், மனைவி, சார்ந்து வாழும் பெற்றோர், சார்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியோர் ஒரே எண்ணைப் பகிர அனுமதி உண்டு. உறவைக் குறிப்பிட்டு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். கிளையில் காகிதப் படிவத்தில் திறப்பதால் அவருக்கு ஆதார் ஓடிபியும் தேவைப்படாது. பெயர் சான்றிதழில் முதலெழுத்தோடும் பானில் விரிந்தும் இருப்பதற்கு, இருவரும் ஒருவரே என்பதைக் காட்டும் ஆதாரம் ஒன்றைப் பதிவாளர் கேட்கலாம். எதை ஏற்பார் என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

டிஆர்எஃப் எனப்படும் டீமேட் கோரிக்கைப் படிவத்தை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். சான்றிதழ்களை ஒப்படைக்கும் முன் முன்பக்கமும் பின்பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மீதும் டீமேட்டுக்காக ஒப்படைக்கப்பட்டது என்று உங்கள் கண் முன்னாலேயே முத்திரை இடச் சொல்லுங்கள்; அதன்பின் அந்தக் காகிதம் வழியில் தொலைந்தாலும் வேறொருவருக்குப் பயன்படாது. ஒப்புகைச் சீட்டில் டிஆர்என் என்ற கோரிக்கை எண் இருக்க வேண்டும். எழுத்துப் பிழையோ ஒப்ப வேறுபாடோ காரணமாகப் பதிவாளர் திருப்பி அனுப்பினால், அந்த எண்ணை வைத்துத்தான் விசாரிக்க முடியும்.